உள்ளறை ரெண்டர் ஏன் பிளாஸ்டிக் மாதிரி வருது?

பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ஹால் ஒண்ணு மாடல் பண்ணி, நல்ல டெக்ஸ்சர் (மேற்பரப்புல ஒட்டுற படம்) போட்டும் ரெண்டர்ல, அதாவது கம்ப்யூட்டர் கடைசியா வரைஞ்சு குடுக்கிற படத்துல, பொம்மை வீடு மாதிரி தெரியுது, சாம்பிள் (ஒவ்வொரு பிக்ஸலுக்கும் எத்தனை தடவை வெளிச்சத்தைக் கணக்கு போடுதுங்கிறது) கூட்டியும் பிரயோஜனம் இல்லன்னு கேட்டிருக்கீங்க. சாம்பிள் கூட்டினா படத்துல புள்ளி புள்ளியா தெரியுற நாய்ஸ்தான் குறையும், இது வேற பிரச்சனை.

முதல்ல சுவரைப் பாருங்க. பேஸ் கலர்ல (மெட்டீரியலோட அடிப்படை நிறம்) சுத்த வெள்ளை 1.0 குடுத்திருப்பீங்க, நிஜத்துல வெள்ளை பெயிண்ட் விழுற வெளிச்சத்துல கொஞ்சத்தை எப்பவும் முழுங்கிடும், 1.0 வச்சா வெளிச்சம் சுவத்துக்கு சுவர் அடிச்சுக்கிட்டே இருந்து மூலையில நிழலே இல்லாம எல்லாம் வெளிறிப் போயிடும். 0.8க்கு இறக்குங்க.

அடுத்து விளிம்பு. உங்க மேஜை ஓரத்தைக் கிட்டப் போய் பாருங்க, கத்தி மாதிரி இருக்காது, லேசா மழுங்கி அதுமேல மெல்லிசா ஒரு வெளிச்சக் கோடு ஓடும். 1, 2 மில்லிமீட்டர் பெவல் (விளிம்பை மழுக்குறது) போட்டாலே அந்தக் கோடு வந்துடும், என்னைக் கேட்டா பாதி உயிர் அதுலதான் இருக்கு, தயவுசெஞ்சு இதை மட்டும் விட்டுடாதீங்க.

ரஃப்னஸ் மேப் (சொரசொரப்பைச் சொல்ற படம்), நார்மல் மேப் (மேடு பள்ளத்தைக் காட்டுற படம்) ரெண்டும் நான்-கலர்ல (நிறமா இல்லாம வெறும் எண்ணா படிக்கிற செட்டிங்) இருக்கான்னு செக் பண்ணுங்க. ரஃப்னஸ் எஸ்ஆர்ஜிபில (நிறப் படத்துக்கான செட்டிங்) இருந்தா நடுத்தர மதிப்பெல்லாம் குறைஞ்சு மரம்கூட ஈரமா பளபளக்கும், உங்க பிளாஸ்டிக் லுக்குக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

ஜன்னல் வெள்ளையா வெடிச்சா வியூ டிரான்ஸ்ஃபார்ம் (வெளிச்சத்தைத் திரை நிறமா மாத்துற செட்டிங்) ஸ்டாண்டர்ட்ல இருக்கும், ஏஜிஎக்ஸ்க்கு மாத்துங்க (பிளெண்டர் 4.0லேர்ந்து இருக்கு). கேமராவை மேல கீழ சாய்க்காம ஷிஃப்ட் (கேமராவைத் திருப்பாமலே படத்தை மேல கீழ நகர்த்துற செட்டிங்) வச்சு ஃபிரேம் பண்ணுங்க, சுவரெல்லாம் நேரா நிக்கும்.