ஆங்கில ‘தேன்’ (than) போட்ட வாக்கியத்துக்கு மார்க் போனது ஏன்?

ஆங்கிலத் தேர்வில் ‘தி பாப்புலேஷன் ஆஃப் இந்தியா இஸ் லார்ஜர் தேன் ஜப்பான்’ என்று எழுதியதற்கு மார்க் குறைத்தது சரிதான். ‘தேன்’-க்கு இடப்பக்கம் மக்கள்தொகை, வலப்பக்கம் ஒரு நாடு. இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். தமிழில் “ஜப்பானைவிட அதிகம்” என்றாலே போதும், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது.

‘தேன் தட் ஆஃப் ஜப்பான்’ என்று மாற்றுங்கள். ஒப்பிடுவது ‘ரோட்ஸ்’ போலப் பன்மையானால் ‘தோஸ் ஆஃப்’. ‘இந்தியாஸ் பாப்புலேஷன்’ என்று தொடங்கினால் ‘தேன் ஜப்பான்ஸ்’ போதும். இரண்டையும் கலந்து ‘தட் ஆஃப் ஜப்பான்ஸ்’ என்று எழுதினால் உடைமை இரட்டிப்பாகிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இன்னொன்று: ‘ரஷ்யா இஸ் லார்ஜர் தேன் எனி கன்ட்ரி’யும் தவறு. ரஷ்யாவும் ஒரு நாடுதானே, தன்னைவிடத் தானே எப்படிப் பெரிதாகும்? ‘எனி அதர் கன்ட்ரி’ என்று எழுதுங்கள்.