மும்பையின் கடல்சார் திட்டங்களில் கோலி மீனவர்களை உண்மையாகவே பங்கேற்க வைப்பது எப்படி?

கேட்டிருப்பவர் மாட்டுங்காவில் தங்கி நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவி. “மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்தான் சட்டத்திலேயே இருக்கிறதே, அது போதாதா?” என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

போதாது. அந்தக் கூட்டம் கூடும் நாளில், தூண் எங்கே வரும், மண் எங்கே கொட்டப்படும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அந்தக் கூட்டம்கூட எல்லாத் திட்டத்துக்கும் கிடைப்பதில்லை. மும்பையின் மேற்குக் கடலோரமாகப் போடப்பட்ட கோஸ்டல் ரோடு, கடலோர ஒழுங்காற்று (CRZ) அனுமதியை மட்டும் வைத்துத் தொடங்கப்பட்டது. கருத்துக் கேட்புக்கு வழிவைக்கும் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை என்று சொல்லி, பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்தக் கடலோர அனுமதியை ரத்து செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் வேலை தொடர்ந்தது.

அதே சாலையை வொர்லியில் கடல் பாலத்தோடு இணைக்கும் இடத்தில் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் விட்டு வடிவமைத்திருந்தார்கள். வொர்லி கோலிவாடா என்ற கோலி மீனவர் ஊரின் படகுகள் கடலுக்குப் போகும் வழி அது. காகிதத்தில் 60 மீட்டர் தாராளமாகத் தெரியும். ஆனால் காற்றும் நீரோட்டமும் குறுக்கே அடிக்கும் நாளில் படகு நேராகப் போகாது, பக்கவாட்டில் இழுபடும். எதிரே இன்னொரு படகு வரும். நடுவில் இன்ஜின் நின்றால் தூண்தான். இதை மீனவர்கள் சொல்லிச் சொல்லிப் போராடிய பிறகே, 2022 கடைசியில், ஒரு தூணைக் கைவிட்டு 120 மீட்டர் விட முடிவானது. அவர்கள் கேட்டது இன்னும் அதிகம். வரைபடம் போடும் முன்பே ஒரு தாண்டேலை, அதாவது படகை நடத்துகிறவரை, பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் இத்தனை இழுபறி தேவைப்பட்டிருக்காது.

ஆகவே முதல் வேலை, திட்ட வரைபடத்துக்கு முன்னால் புழக்க வரைபடம், அதாவது ஊரார் எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் வரைபடம், போடுவது. இங்கே பலர் சறுக்குவது வரைபட அளவுகோலில். 1:25,000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 25 மீட்டர். 20 மீட்டர் அகலமுள்ள கருவாட்டுக் களம் அதில் ஒரு கோட்டின் தடிமனுக்குள் மறைந்துபோகும். பிறகு அந்த இடம் ‘காலி மனை’ ஆகிவிடும். 1:4,000-இல் அதே களம் 5 மில்லிமீட்டர்; கண்ணில் படும். மீனவர் குடியிருப்பு, மீன் காயவைக்கும் இடம், ஐஸ் பிளாண்ட், படகுத்துறை போன்ற பொதுப் புழக்க இடங்களைக் கிராம அளவு வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையே சொல்கிறது. இதை மேற்கோள் காட்டிக் கேளுங்கள், சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

தண்ணீருக்குள் வரைவது இதைவிடக் கடினம். அங்கே இடத்தோடு நேரத்தையும் குறிக்க வேண்டும். பொம்பில் என்ற மீனைப் பிடிக்கும் டோல் வலை, நீரோட்டத்துக்கு வாய் காட்டி ஒரே இடத்தில் கட்டி நிறுத்தும் பை வலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும் நாட்களை உதாண் என்கிறார்கள், ஓட்டம் தளரும் நாட்களை பாங். பாங் நாளில் சர்வேக்குப் போய், வலை குறைவாக இருப்பதைப் பார்த்து, ‘இங்கே மீன்பிடிப்பு இல்லை’ என்று எழுதினால் அது பொய்யான அறிக்கை. ஒவ்வொரு வலைவகைக்கும் மாதம், திதி, ஆழம், போகும் வழி என்று தனித்தனி அடுக்காக வரையுங்கள். பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதை அங்கே சீட்டுப் போட்டு முறைவைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

உட்கார்ந்து வரைய நல்ல காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குக் கரையில் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் இருக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள்: குறைந்தது 12 மாதம் ஒரு பிடிப்புக் குறிப்பேடு வேண்டும். தேதி, திதி, வலை, எத்தனை மணி நேரம், எந்த மீன் எத்தனை கிலோ, டீசல் எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். பின்னாளில் ‘திட்டத்தால் பிடிப்பு குறைந்தது’ என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கமான மச்சிமார் சொசைட்டியை மட்டும் அழைத்தால் வருவது பெரும்பாலும் படகு முதலாளிகள். படகில் கூலிக்குப் போகும் கலாசிகள் வரமாட்டார்கள். பாறைக்கரையில் நீர் வற்றும்போது சிப்பி பொறுக்கும் பெண்களுக்குப் படகுப் பதிவு கிடையாது. பதிவை வைத்து இழப்பீடு கணக்கிட்டால் அவர்கள் பங்கு பூஜ்யம். அவர்களோடு தனியாக, சந்தை முடிந்த பிற்பகலில், மராத்தி நன்றாகத் தெரிந்த பெண்ணை வைத்துப் பேசுங்கள். சிப்பி பொறுக்கும் பாறைகளை அவர்களோடு நடந்தே குறியுங்கள்.

வலை போடும் இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி ஒரு குடும்பத்தின் சொத்து. அதைப் பொது வரைபடத்தில் போட்டால் மறுநாள் வேறு படகு அங்கே நிற்கும். துல்லியமான பிரதி ஊரிடம் இருக்கட்டும், வெளியே போவதில் 1 கிலோமீட்டர் கட்டங்கள் போதும். இதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். இல்லாவிட்டால் யாரும் உண்மையான இடத்தைக் காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது.

கூட்டமும் நடக்கத்தான் போகிறது, அதையும் வீணாக்க வேண்டாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், நடவடிக்கைகளை வீடியோ எடுக்க வேண்டும், சுருக்கத்தை முடிவில் மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை என்பதால் பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். திட்ட அறிக்கையின் சுருக்கம் மட்டும்தான் மராத்தியில் வரும். மீன்வளம் பற்றிய அத்தியாயத்தையாவது முழுதாக மொழிபெயர்க்கச் செலவு ஒதுக்கச் சொல்லுங்கள். கூட்டச் சுருக்கத்தை வாசிக்கும்போது, விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வேண்டும்.

வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தரும் பலத்துக்கு நிகரான சட்டம் கடலில் இங்கே இல்லை. கனடாவின் க்வாய் ஹானாஸ் என்ற பாதுகாக்கப்பட்ட தீவுப் பகுதியில் 1993 முதல் ஹைடா என்ற பழங்குடி மக்களும் அரசும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து ஒருமித்து முடிவெடுக்கிறார்கள். இங்கே அது வரும்வரை, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில், ஊர் தானே தேர்ந்தெடுக்கும் நிபுணருக்குக் கட்டணம், பதில் வரும்வரை அந்தப் பகுதியில் கட்டுமான வேலையை நிறுத்தி வைப்பது ஆகிய மூன்றையும் ஒப்பந்தமாகக் கேட்கலாம்.

இன்னொன்று, வருகைப் பதிவேடு. வந்தவர்களின் கையெழுத்தைப் பின்னால் ‘சம்மதம்’ என்று இணைத்துவிட முடியும். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் “வருகைக்கு மட்டும், ஒப்புதல் அல்ல” என்று மராத்தியில் அச்சிட்டு, நகலை அன்றே ஊரில் கொடுத்துவிடுங்கள்.