மசாய் மாரா பயணம்: கேள்விகளும் பதில்களும்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வழிகாட்டியுடன் கானுயிர் காணச் செல்லவிருப்போர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: ஐயா, வில்டபீஸ்ட் என்னும் பெரிய மானினக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆகஸ்டில் மூன்று நாள் போகிறோம். கட்டாயம் பார்த்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

அந்த உறுதியை எவராலும் தர முடியாது. லட்சக்கணக்கான வில்டபீஸ்டுகள் மழையையும் புல்லையும் தேடித் தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுதும் சுற்றி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் காலம். எந்த நாள், எந்தத் துறை என்பதெல்லாம் அவற்றின் விருப்பம். கரையில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். முதலில் நிற்பது சரிவில் இறங்கித் தண்ணீரை முகர்ந்து பார்க்கும், சட்டென்று திரும்பும், புழுதியைக் கிளப்பிக்கொண்டு கூட்டம் முழுவதும் பின்வாங்கும். மணிக்கணக்கில் இதுவே நடக்கும். கடைசியில் கடக்காமலே மேயப் போய்விடுவதும் உண்டு.

நைரோபியிலிருந்து சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மூன்று நாளில் போக வர ஒரு நாள் கரைந்துவிடும். இன்னும் இரண்டு இரவு கூட்டுங்கள். அதற்காக வேறொரு பூங்காவைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் நஷ்டமில்லை.

கேள்வி: செலவைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எதைக் குறைக்கலாம்?

மாதத்தை மாற்றுங்கள். 2024இல் வந்த நுழைவுக் கட்டணப்படி வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு மாரா காப்பகத்தில் ஒரு நாளைக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். சிங்கமும் சிறுத்தையும் யானையும் வில்டபீஸ்ட் போல இடம்பெயர்வதில்லை. பிப்ரவரியில் போனாலும் இருக்கும். பலூன் பயணத்தை விடலாம். விடுதியின் ஆடம்பரத்தைக் குறைக்கலாம். வழிகாட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் தருகிறது. உங்களுடன் வரப்போகிறவர் எந்தத் தரம் என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு போனோம். ஒரு சிவிங்கிப்புலியை (சீட்டா) சுற்றி முப்பது வண்டிகள். எங்கள் டிரைவரும் முண்டியடித்தார். மனம் கசந்துவிட்டது. மீண்டும் போகலாமா?

போகலாம், வேறு விதமாக. நீங்கள் கண்டது அந்த விலங்குக்கு உண்மையான கேடு. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில், கண்ணை நம்பி வேட்டையாடுவது. கறையான் புற்றின் மேல் ஏறி நின்று அது மானைத் தேடும் நேரத்தில் நாலாபுறமும் வண்டி நின்றால் வேட்டை கெடும். குட்டிகள் பட்டினி கிடக்கும். 2018இல் வெளியான மாரா ஆய்வு ஒன்றில், சுற்றுலா நெரிசல் மிகுந்த பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக வளர்த்து ஆளாக்கியது 0.2 குட்டி, நெரிசல் குறைந்த பகுதியில் 2.3. எனக்கு நெஞ்சு பதறிய கணக்கு அது.

ஒரு விலங்கின் அருகே ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறச் செய்வது பல நேரம் பின் இருக்கையிலிருந்து வரும் நச்சரிப்புத்தான். கிட்டே போனால்தான் டிப்ஸ் கிடைக்கும் என்று டிரைவர் பயப்படுகிறார். முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: "விதியை மீற வேண்டாம், தள்ளியே நிறுத்துங்கள், டிப்ஸ் குறையாது." அவர் முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள்.

காப்பகத்தை ஒட்டிய நபோய்ஷோ, ஒலாரே மோடோரோகி போன்ற தனிப் பாதுகாப்பு நிலங்களையும் யோசியுங்கள். உள்ளூர் மசாய் இனக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறும் ஏற்பாடு அது. கூடாரங்களுக்கு வரம்பு உண்டு என்பதால் வண்டிகளும் குறைவு. காப்பகத்துக்குள் கிடைக்காத, வண்டியில் இரவு உலாவும் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் என்னைக் கேட்டால் நாட்களைக் குறைத்தாவது அங்கே தங்குங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். திண்டாட்டமா?

கவலை வேண்டாம். குஜராத்திகள் தலைமுறைகளாக வாழும் நாடு. சப்பாத்தி அங்கே எல்லோருக்கும் வீட்டு உணவு. முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, முதுகுவலி. அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், ஆனால் சாலை வழியே வேண்டாம். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். பெட்டி ஆகாது, கைப்பை உட்பட 15 கிலோவுக்குள், மடங்கக்கூடிய துணிப் பையாக இருக்க வேண்டும். வண்டியில் அவரை நடு இருக்கையில் அமர்த்துங்கள். பின் இருக்கைதான் அதிகம் தூக்கிப் போடும்.

மஞ்சள் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம். எனவே டிக்கெட் எடுக்கும் முன் அம்மாவை அவருடைய மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.