கால் கடுக்க நிற்கும் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 34. ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரை மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருவோம். மதியச் சாப்பாட்டுக்கான ஒரு மணி நேரம் தவிர உட்கார அனுமதி இல்லை. இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. அதிக நேரம் நிற்கக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் சூபர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால் நான் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது. உடம்பைக் கவனிக்காமல் விட்டது என் தவறு என்று வீட்டில் குறை சொல்கிறார்கள். உண்மைதானா?
(வாசகி, திருச்சி)

பதில்: இல்லை, சகோதரி. தங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு நோய்களும் தங்கள் வேலை நடக்கும் முறையிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். இதை வீட்டாருக்குப் படித்துக் காட்டலாம்.

நரம்பு சுருண்டுவிட்டது என்று வழக்கில் சொன்னாலும், புடைத்திருப்பவை நரம்புகள் அல்ல. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரைகள். கீழிருந்து மேலே ஏற வேண்டிய அந்த ரத்தத்தை, நாம் நடக்கும்போது ஆடுசதை சுருங்கி விரிந்து பிழிந்து அனுப்புகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காதபடி சிரைகளுக்குள் சிறு சிறு வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது ஆடுசதைக்கு வேலை இல்லாததால் கணுக்காலின் சிரைகளில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது; நடக்கத் தொடங்கினால் அது மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். ஒரே கவுன்டருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகள் தளர்ந்து, சிரைகள் விரிந்து சுருள்கின்றன. பிள்ளைப்பேறும் பரம்பரையும் இதற்குத் துணைபோகும் என்றாலும், நாள் முழுவதும் நின்று செய்யும் வேலை இதைப் பெருக்குகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் வேலை செய்பவர்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று திரும்பத் திரும்ப வருவதிலும் வியப்பில்லை.

உடனடியாகச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். மருத்துவர் அளவெடுத்துத் தரும் அழுத்தக் காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் அணியுங்கள். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். கணுக்கால் அருகே தோல் கறுத்தாலோ புண் தோன்றினாலோ சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும்; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் சிகிச்சைக்குச் செலவில்லை என்பதோடு, உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருப்பவர் மருத்துவர் சான்றுடன் விடுப்பு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடும் கிடைக்கும்.

சட்டமும் தங்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, வேலைக்கு இடையே கிடைக்கும் வாய்ப்புகளில் ஊழியர்கள் உட்காரும் வகையில் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டும். வாரம் ஆறு நாள் என்று கொண்டாலும் தாங்கள் உழைப்பது 63 மணி நேரம். மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் இதற்குப் புகார் தரலாம். தனியாகப் போனால் வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே உடன் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்தோ, ஒரு தொழிற்சங்கத்தின் வழியாகவோ செல்லுங்கள்.

கேள்வி: நம் முன்னோர் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வயலில் நின்று உழைத்தார்கள், அவர்களுக்கு இந்த நோய்கள் வரவில்லையே. இன்றைய நோய்களுக்குத் தவறான உணவும் சோம்பலும்தானே காரணம்? எல்லாவற்றுக்கும் வேலையிடத்தைக் குறை சொல்வது சரியா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: வயலில் உழைத்தவர்கள் நின்றுகொண்டிருக்கவில்லை, ஐயா. நடந்தார்கள், குனிந்து நிமிர்ந்தார்கள், களைத்தபோது வரப்பில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் முதுகும் மூட்டும் தேய்ந்தன. அதைக் கணக்கெடுத்து எழுதி வைப்பார் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏறத்தாழ 7,300 தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது.

பழக்கவழக்கம் பற்றிய தங்கள் கருத்துக்கு, 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பார்க்கலாம். ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்கள். ஒரே நகரம், எல்லாருக்கும் இலவச மருத்துவம், யாரும் பட்டினி கிடப்பவர் அல்லர். ஆயினும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர்நிலை நிர்வாகிகளுடையதைப்போல் மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு என எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது. 1985இல் மைக்கேல் மார்மோட் தலைமையில், பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருவது தெரிந்தது. தண்ணீர் குடிப்பதா வேண்டாமா என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய இயலாத ஒரு பெண்ணின் உடலில் அந்த இயலாமையும் நோயாகப் படிகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. உணவும் உடற்பயிற்சியும் முக்கியமே. இரவு பத்து மணிக்கு வீடு சேருபவர் எப்போது சமைப்பார், எப்போது நடப்பார் என்பதையும் சேர்த்தல்லவா எண்ண வேண்டும்?

கேள்வி: சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன், எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். நாற்காலி போட எனக்கு மனம் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களே?
(வாசகர், ஈரோடு)

பதில்: மனம் இருக்கிறது என்று எழுதியதற்கே நன்றி. தங்கள் தாத்தா காலத்து ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி போர்த்திய மெத்தையில் கடைக்காரரும் அமர்ந்து, வாடிக்கையாளரையும் அமரவைத்து, மடியில் சேலையைப் பிரித்துக் காட்டினார். அதை யாரும் அவமரியாதை என்று கருதவில்லை. நின்றால்தான் மரியாதை என்பது கண்ணாடிக் கவுன்டர்களோடு வந்த பழக்கம்.

பிரிட்டனில் கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று 1899இலேயே சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் முதலில் அசைந்தது கேரளம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர், கழிப்பறை வசதி இல்லாமல் அவதிப்பட்ட கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். உட்காரும் உரிமைக்கான அவர்களின் நெடும் போராட்டத்துக்குப் பின் 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடும் திருத்தியது. அதனால் இருக்கை போடுவது தங்கள் விருப்பத்தைப் பொறுத்ததாக இனி இல்லை, கடமையே.

கிடங்கு அறையில் நாற்காலி வைத்துவிட்டு சட்டத்தை நிறைவேற்றியதாகச் சிலர் கணக்குக் காட்டுகிறார்கள். தாங்கள் அப்படிச் செய்யாமல், கவுன்டருக்குப் பின்னால், எழாமலே துணியை எடுக்கக்கூடிய உயரத்தில், முதுகு சாயும்படியான ஸ்டூல்களைப் போடுங்கள். ஆள் வராத நேரத்தில் உட்காரலாம் என்று வாயாலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நாற்காலி இருந்தும் பயத்தில் நின்றுகொண்டேயிருப்பார்கள். கழிப்பறைக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதையும் அப்போதே அறிவித்துவிடுங்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்கினால் கடையை மாற்றியமைக்க நேரம் கிடைக்காது. அதற்கு முன்பே எட்டு ஸ்டூல்களுக்குச் சொல்லிவையுங்கள்.