கம்பி தடிமனாக இருந்தால் போதுமா? புது வீட்டு ஜன்னல்: கேள்வி பதில்

கிரில் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. திருடன் நுழைய முடியாத ஜன்னல் பற்றி வீடு கட்டுகிறவர்கள் கேட்டவற்றுக்கு, என் கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, தஞ்சாவூரில் வீடு கட்டுகிறோம். ஜன்னலுக்கு 10 எம்எம் சதுரக் கம்பி போதும் என்கிறார் கொத்தனார். மாமா 12 போடச் சொல்கிறார். எது சரி?

மாமா சொல்வதுதான் சரி, தரைத்தளத்துக்காவது 12 போடுங்கள். ஆனால் அதைவிட முக்கியம், கிரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது. போன மாதம் ஒரு பழைய வீட்டில் பெயின்ட் அடிப்பதற்காக கிரிலைக் கழற்றினேன். நிலையின் வெளிப்பக்கம் வைத்து ஆறு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவர்தான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கிரில் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் கம்பியும் 12 எம்எம்தான்.

மர நிலை என்றால், ஆசாரி நிலையைக் கூட்டும்போதே கம்பிகளைத் துளைக்குள் கோத்துவிடச் சொல்லுங்கள். மரம் இல்லையென்றால், கிரிலிலேயே ஹோல்டுஃபாஸ்ட் என்கிற, சுவருக்குள் பதியும் இரும்புப் பட்டைகளை வெல்டு செய்து, சுவரைக் குடைந்து கான்கிரீட் போட்டு நிறுத்த வேண்டும். இது பூச்சுவேலைக்கு முன்பே நடக்க வேண்டும். பூச்சு முடிந்தபின் கிரில் வந்தால், சுவரை உடைக்க மனமில்லாமல் ஸ்க்ரூவில்தான் போய் முடியும்.

12 எம்எம் என்று காசு வாங்கிக்கொண்டு 10 போட்டுவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை போடுங்கள். 20 அடி நீளக் கம்பி 12 எம்எம் என்றால் கிட்டத்தட்ட 6.9 கிலோ, 10 எம்எம் என்றால் 4.8 கிலோ. அப்புறம் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 4 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

சார், ஹாலில் தோட்டம் தெரிகிற மாதிரி பெரிய யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் வைக்க ஆசை. கிரில் இல்லாமல் முடியுமா?

முடியும், செலவு கூடும். ஸ்லைடிங் கதவை மேலே தூக்கினால் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்துவிடும். அதைத் தடுக்கும் கட்டை மேல் சட்டத்தில் இருக்கிறதா என்று, பொருத்தியதும் நீங்களே தூக்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால் கீலில் திறக்கிற கேஸ்மென்ட் ஜன்னல் நல்லது: சுற்றிலும் பல இடத்தில் பூட்டு விழும். சட்டத்துக்குள் இரும்பு வலுவூட்டல் இருக்க வேண்டும்.

கண்ணாடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டி வழியைத் திறந்துவிடும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லாமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் நடுவிலுள்ள படலம் பிடித்து வைத்திருக்கும். திருடன் உடைப்பதை ஜன்னல் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல, ஐரோப்பாவில் ஆர்சி (RC) 1 முதல் 6 வரை தரம் உண்டு. ஆர்சி 2 ஜன்னல், ஸ்க்ரூ டிரைவர், குறடு போன்ற கருவிகளுக்கு 3 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். கேட்க சின்ன நேரம்தான், ஆனால் திருட வந்தவனுக்கு அது நீண்ட நேரம், சத்தமும் கேட்டுவிடும்.

பாத்ரூம் வென்டிலேட்டருக்கும் கம்பி வேண்டுமா?

கட்டாயம். சாய்வாக அடுக்கியிருக்கும் லூவர் கண்ணாடியை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக உருவிவிடலாம். பக்கத்தில் தண்ணீர்க் குழாயோ ஏசி வெளிப்பெட்டியோ இருந்தால் மாடியிலும் இதே கதைதான்.

எல்லா ஜன்னலுக்கும் கிரில் வைத்துவிட்டால், தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது? வீட்டில் வயதான அம்மா இருக்கிறார்.

இதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், கேட்பது ரொம்பக் குறைவு. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலையாவது திறக்கிற மாதிரி வையுங்கள். கீல் முள்ளின் நுனியை வெல்டு வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முள்ளை உருவிவிடுவார்கள். பூட்டு உள்பக்கம். சாவியை ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் எட்டாத இடத்தில், ஆனால் இருட்டிலும் அம்மா தடவி எடுக்கிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அம்மாவையே திறக்கச் சொல்லிப் பாருங்கள்; பூட்டு துருப்பிடித்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.