மழை, மின்வெட்டு, ஆட்டிசம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பருவமழை நெருங்குகிறது. வெள்ளம், மின்வெட்டு நாட்களை ஆட்டிசம் உள்ளவர்கள் எப்படிச் சமாளிப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லும் நானும் ஆட்டிசம் உள்ளவள்தான்.

கேள்வி: அக்கா, 2023 மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரியில எங்களுக்குக் கரண்ட் போயிருச்சு. "இப்ப வந்துரும்டா"னு சொல்லச் சொல்ல என் பையன் இன்னும் அதிகமாக் கத்தினான். வேற என்னதான் சொல்றது?

பதில்: "இப்ப வந்துரும்" என்றால் அவன் அதை அப்படியே நம்புகிறான். வராவிட்டால், இருட்டோடு அம்மா சொன்னதும் பொய்யாகிவிடுகிறது. எங்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் இந்த நிச்சயமின்மைதான். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அடுத்து என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கரண்ட் இல்ல. எப்ப வரும்னு அம்மாவுக்குத் தெரியாது. சாப்பிட்டுட்டு சுவிட்ச் போட்டுப் பார்ப்போம். வரலைன்னா ஹால்ல பாய் போட்டுப் படுப்போம்." இதையே ஒரு தாளில் தட்டு, சுவிட்ச், பாய் என்று வரைந்து கொடுங்கள். முடிந்ததை அவனே பென்சிலால் கோடு போட்டு அடிக்கட்டும். அவன் கத்தியது அடம் இல்லை அம்மா, தாங்க முடியாமல் போன நிலை. அந்த நேரத்தில் கேள்விமேல் கேள்வி வேண்டாம். டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகள் பேசமாட்டாள். டேப்லெட்டில் ஆவாஸ் (படத்தைத் தொட்டால் அதைப் பேசிக் காட்டும் செயலி) வைத்துத்தான் எல்லாம் கேட்பாள். சார்ஜ் தீர்ந்தால்?

பதில்: சென்னையில் உருவான நல்ல செயலி அது. அவள் அடிக்கடி தொடும் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்யுங்கள். தண்ணீர், பாத்ரூம், வலி, பயம், சத்தம் எல்லாம் இருக்கட்டும். "வேண்டாம்" கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவர்கள் மறப்பது அதைத்தான். இன்றிலிருந்தே நீங்களும் அந்த அட்டையைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். புயலன்று முதன்முறையாகக் கொடுத்தால் அது வெறும் அட்டை.

கேள்வி: எனக்கு 26 வயசு. பதற்றம் வந்தா பேச்சே நின்னுடும். மீட்க வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

பதில்: எனக்கும் நின்றுவிடும். போனின் லாக் ஸ்கிரீனிலும், சட்டைப்பையில் ஓர் அட்டையிலும் இப்படி எழுதிவையுங்கள்: "எனக்கு ஆட்டிசம். இப்போது பேச வராது. நீங்கள் சொல்வது புரியும். தொடுவதற்கு முன் சொல்லுங்கள்." 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இருந்தால் அதன் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூடவே வையுங்கள்.

கேள்வி: முகாமில் ஹெட்ஃபோன் போட்டால் சொந்தக்காரர்களே முறைக்கிறார்கள்.

பதில்: முறைக்கட்டும். தகரக் கூரையில் மழை, ஜெனரேட்டர், நூறு பேர் பேச்சு, எல்லாம் ஒரே அளவில் காதில் விழுந்தால் அவர்களாலும் உட்கார முடியாது.

கேள்வி: தம்பிக்கு 12 வயசு. கதவு திறந்திருந்தா ஓடிடுவான். வெள்ள நேரத்துல பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயமானது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் தண்ணீர் ஈர்க்கும். காணவில்லை என்றால் முதலில் குளம், கால்வாய், தண்ணீர் தேங்கிய இடங்களைப் பாருங்கள். தெருவில் விசாரிப்பது அப்புறம். இன்னொருவர் உடனே அவசர உதவி எண் 112-க்கு போன் அடிக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்பதையும், எந்தப் பாட்டைப் போட்டால் வருவான் என்பதையும் சொல்லுங்கள்.