ஜார்ஜியாவின் தேர்தல் சண்டை – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த 2020 தேர்தலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், டிரம்பின் நெருக்கடிக்கு மசியாததற்காக ஆளுநர் பிரையன் கெம்ப்பையும், மாநிலத் தேர்தல் நிர்வாகத்தைக் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் பிராட் ராஃபென்ஸ்பெர்கரையும் மனமாரப் பாராட்டியிருந்தீர்கள். நான் பதினெட்டு வருடங்களாக அட்லாண்டாவுக்கு வடக்கே வசிக்கிறேன். 2018இல் தானே தேர்தலை நடத்தி, தானே போட்டியிட்டு, தானே ஜெயித்தவர் கெம்ப். 2021இல் ஓட்டுப் போடும் விதிகளை இறுக்கிய எஸ்.பி. 202 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவரை எப்படி உங்களால் பாராட்ட முடிகிறது?

எங்கள் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழு இந்த விஷயத்தில் இரண்டாகிவிட்டது. “இந்தியாவில் அடையாள அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியுமா? இங்கே கேட்டால் மட்டும் ஏன் கூச்சல்?” என்கிறது ஒரு பக்கம். “கறுப்பர்களை ஓட்டுப் போட விடாமல் அடித்த ஜிம் குரோ காலம் திரும்பிவிட்டது” என்கிறது இன்னொரு பக்கம். நீண்ட நாள் பழகிய இரண்டு பேர் பொங்கல் விழாவில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

என் மனைவி போன வருடம்தான் குடியுரிமை பெற்றார். வரும் தேர்தலில்தான் முதல் ஓட்டு. வீட்டில் இந்தப் பேச்சே ஓடுவதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. 2018ஐப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் குறை. இப்போது எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் மாதிரி ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டும் கட்சிச் சார்பில் ஜெயித்து வந்தவர்தான். கெம்ப் 2010 முதல் ஜார்ஜியாவில் அந்தப் பதவியில் இருந்தார். ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோதும் அதை விடவில்லை. 2018 நவம்பர் 6 தேர்தல் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் ராஜினாமா செய்தார். அதற்கு முந்தைய வருடம், 2017 ஜூலையில், ஒரே வீச்சில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேல், சில தேர்தல்களாக ஓட்டுப் போடவில்லை, அலுவலகம் அனுப்பிய கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்ற காரணத்துக்காகப் போனவை. தேர்தல் நெருங்கும்போது, அரசுப் பதிவுகளோடு விவரம் ஒத்துப்போகவில்லை என்று இன்னும் 53,000 பேரின் வாக்காளர் பதிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பத்துக்கு ஏழு கறுப்பின மக்களுடையது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜனநாயகக் கட்சி வாக்காளர் கணினியை ஊடுருவ முயன்றதாக அவருடைய அலுவலகம் விசாரணை அறிவித்தது. ஆதாரம் எதுவும் கிடைக்காமல் 2020இல் அந்த விசாரணை மூடப்பட்டது. கெம்ப்பை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் தோற்றது சுமார் 55,000 ஓட்டில்.

விதி மாறியிருந்தால் ஏப்ரம்ஸ் ஜெயித்திருப்பாரா? அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் அடையாள அட்டை காட்டி ஓட்டுப் போட்டிருக்கலாம். அவர் தரப்பு தொடுத்த வழக்கும் 2022இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஏப்ரம்ஸ் தோல்வியை முழு மனதாக ஒப்புக்கொள்ளாமல் போனது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் ஆட்டக்காரரே நடுவராக நின்றது அதைவிடப் பெரிய தவறு. முடிவு சரியாகவே இருந்திருந்தாலும் தோற்றவர் அதை நம்ப முடியாதபடி செய்துவிட்டார் கெம்ப்.

அப்புறம் 2020. பைடன் ஜார்ஜியாவில் ஜெயித்த வித்தியாசம் 11,779. முதலில் இயந்திரம் எண்ணியது. பிறகு ஏறத்தாழ ஐம்பது லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். டிரம்ப் தரப்பு கேட்டதால் மூன்றாவது முறை மறுபடி இயந்திரம். மூன்று முறையும் ஜெயித்தவர் மாறவில்லை. 2021 ஜனவரி 2ஆம் தேதி டிரம்ப் ராஃபென்ஸ்பெர்கரிடம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனில் பேசி, தனக்கு 11,780 ஓட்டு வேண்டும், கண்டுபிடியுங்கள் என்றார். எண்ணைக் கவனியுங்கள், வித்தியாசத்தைவிடச் சரியாக ஒன்று அதிகம். ராஃபென்ஸ்பெர்கர் முடியாது என்றார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாக வேறு ஆட்களை நியமிக்கச் சட்டமன்றத்தைக் கூட்டு என்று கெம்ப்புக்கு வந்த நெருக்கடிக்கு அவரும் மசியவில்லை. இருவரும் டிரம்புக்கே ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்கள். சொந்தக் கட்சி துரோகி என்றது, கொலை மிரட்டல் வந்தது. அந்த நாட்களில் அவர்கள் செய்ததை நான் இன்றும் பாராட்டுவேன். 2018ஐ நினைவில் வைத்துக்கொண்டுதான் பாராட்டுவேன். ஒரு மனிதர் செய்த தப்புக்காக அவர் செய்த நல்லதையும், நல்லதுக்காகத் தப்பையும் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் குழுவில் 2018க்காகக் கொதிக்கும் நண்பரிடம் அரிசோனாவைப் பற்றிக் கேளுங்கள். 2022இல் அங்கே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டாக இருந்தபடியே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு, சுமார் 17,000 ஓட்டில் ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ். கெம்ப் செய்த நீக்கங்களையோ கடைசி நேர அறிவிப்பையோ அவர் செய்யவில்லை. ஆனாலும் நாற்காலி ஒன்றுதான். அவரும் ஒதுங்கியிருக்க வேண்டும். கெம்ப்புக்கு எதிராகக் குரல் கொடுத்த பலர் ஹாப்ஸ் விஷயத்தில் வாயே திறக்காதது எனக்கு வருத்தம்.

சரி, அடையாள அட்டைக்கு வருவோம். உங்கள் குழுவில் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஜார்ஜியாவில் வாக்குச்சாவடிக்கு நேரில் போகிறவர் புகைப்பட அட்டை காட்ட வேண்டும் என்பது எஸ்.பி. 202க்குப் பல வருடம் முன்பே வந்த விதி. 2021 சட்டம் தபால் ஓட்டுக்கும் அட்டை எண் கேட்டது, அவ்வளவுதான். அதற்கு முன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஊழியர் ஒருவர் கண்ணால் பார்த்து இது அந்தக் கையெழுத்து இல்லை என்று தள்ளுவதைவிட எண் மேல் என்பது என் கருத்து. அட்டை கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தியாவை உதாரணம் காட்டும் நண்பர் முழு உதாரணத்தையும் காட்டட்டும். இங்கே வாக்காளர் அட்டையை அரசே எடுத்துத் தருகிறது. அது இல்லாவிட்டால் பாஸ்புக் உட்பட வேறு பல ஆவணங்கள் செல்லும். வாக்குச்சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டு நாளில் சம்பளத்துடன் விடுமுறை. அமெரிக்காவில் 1845லிருந்து செவ்வாய்க்கிழமை, அதுவும் பெரும்பாலோருக்கு வேலை நாள். ஜார்ஜியாவும் இலவச வாக்காளர் அட்டை தருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை வாங்க அலுவலக நேரத்தில் போக வேண்டும், வண்டி இல்லாதவர் எப்படிப் போவார்?

வரிசையைப் பார்த்தால்தான் இது புரியும். 2020 ஜூன் உட்கட்சித் தேர்தலில் அட்லாண்டாவுக்குத் தெற்கே யூனியன் சிட்டியில் கடைசி ஆள் ஓட்டுப் போட்டபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்று மாலை ஏழு மணிக்குமேல், வெள்ளையர் அல்லாதோர் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உள்ள சாவடிகளில் சராசரிக் காத்திருப்பு 51 நிமிடம் என்று பத்திரிகையாளர்கள் கணக்கிட்டார்கள். வெள்ளையர் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உள்ள சாவடிகளில் 6 நிமிடம். அந்த வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதை 2021 சட்டம் குற்றமாக்கியது. எனக்கு வயிறு எரிந்தது அந்த விதியைப் படித்தபோதுதான். ஓட்டு வாங்கக் கையூட்டு கொடுக்கக் கூடாது என்பது புரிகிறது, ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கையூட்டு ஆகுமா? சாவடிக்கு 150 அடிக்கு அப்பால் கொடுப்பதற்கான தண்டனையை 2023இல் நீதிபதி நிறுத்தி வைத்தார். உள் வட்டத்தில் தடை நீடித்தது.

அதற்காக ஜிம் குரோ என்று சொல்வேனா என்றால், மாட்டேன். பைடன் அப்படிச் சொன்னார், சட்டத்தைக் கண்டித்து பேஸ்பால் லீக் தன் ஆல் ஸ்டார் ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து டென்வருக்கு மாற்றியது. ஜிம் குரோ காலத்தில் கறுப்பினத்தவர் பதிவு செய்யப் போனால் வேலை போகும், உயிர் போகும். அந்த ரத்தத்தில் எழுதப்பட்டது 1965 வாக்குரிமைச் சட்டம். 2022இல் ஜார்ஜியாவில் முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 25 லட்சம் பேர், ஜனாதிபதித் தேர்தல் இல்லாத வருடத்தில் அது சாதனை. ஆனால் அதே வருடம் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான வாக்களிப்பு இடைவெளி 2018ஐவிடக் கூடியிருந்தது. கூட்டம் வந்தது என்பதால் விதியில் குறையில்லை என்று ஆகாது. குறை இருப்பதால் பழைய கொடுமையின் பெயரை இதற்கு வைத்துவிடவும் கூடாது. எஸ்.பி. 202க்கு எதிராக 2021இல் வழக்குப் போட்ட மத்திய அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட், ஆட்சி மாறியதும் 2025இல் வாபஸ் வாங்கியது. சட்டத்தில் அப்போது ஒரு எழுத்துகூட மாறவில்லை.

எஸ்.பி. 202இல் எனக்கு நிஜமான பயம் தந்த பகுதி வேறு. மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டை நீக்கினார்கள். அதாவது, ஓட்டைக் கண்டுபிடிக்க மறுத்த அதே ராஃபென்ஸ்பெர்கரை. வாரியத்தில் அவருக்கு ஓட்டும் இல்லாமல் போனது. தனி ஒருவர் எத்தனை பேருடைய பதிவை வேண்டுமானாலும் எதிர்த்து மனுப்போடலாம் என்றும் சேர்த்தார்கள். ஒருசிலரே பல்லாயிரம் பேர்மேல் மனுப்போட்டார்கள். 2024 ஆகஸ்டில் அட்லாண்டா கூட்டத்தில் டிரம்ப் அந்த வாரியத்தின் மூன்று உறுப்பினர்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். அடுத்த சில வாரங்களில் வாரியம் சாவடியிலேயே சீட்டுகளைக் கையால் எண்ண வேண்டும் என்பது போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. தேர்தலுக்கு முன் நீதிமன்றம் தடுத்தது. 2025இல் மாநில உச்ச நீதிமன்றமும் ஏழு விதிகளில் நான்கைச் செல்லாது என்றது. கெம்ப்பை நான் மன்னிக்காத இடம் இது. 2020இல் தன் பக்கத்தில் நின்றவரின் நாற்காலியைப் பறிக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

பெரியவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். அட்லாண்டாவை உள்ளடக்கிய ஃபுல்டன் கவுண்டியில் 2020இல் ஓட்டு எண்ணிய ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். தாய் மகளிடம் எதையோ கைமாற்றும் வீடியோவைக் காட்டி, யூ.எஸ்.பி.யைக் கள்ளத்தனமாகக் கைமாற்றுகிறார்கள் என்றார் டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி. அது ஒரு இஞ்சி மிட்டாய் என்று 2022இல் நாடாளுமன்றக் குழுவின் முன் மகள் சொன்னார். அம்மா கொடுத்த மிட்டாய். அதற்காக அந்தத் தாய் வீட்டைவிட்டு வேறிடம் போய் ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. 14.8 கோடி டாலர் நஷ்டஈடு என்று 2023இல் ஜூரி தீர்ப்பளித்தது.

என் அப்பா பள்ளி ஆசிரியர். தேர்தல் பணிக்குப் போய் மறுநாள் காலையில்தான் திரும்புவார், விரல் நுனியெல்லாம் மையாக இருக்கும். ஒருமுறை வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வயதான அம்மா ஒருவர் மூன்று மைல் நடந்து வந்தாராம். பட்டியலில் பெயர் இல்லை. “நான் இங்கேதானே இருக்கேன் சாமி, எப்படி இல்லாம போச்சு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்ததைச் சொல்லும்போது அப்பாவின் குரல் கம்மிவிட்டது.

அதனால் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்ஜியாவில் பதிவைச் சரிபார்ப்பது ஓட்டுநர் உரிமத் துறையின் பதிவோடு. ஒரு எழுத்து, ஒரு கோடு மாறினாலும் 2018இல் பதிவு நின்றுபோனது. 2019இல் பெயர் விஷயத்தில் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் குடியுரிமைச் சிக்கல் தொடர்ந்தது. குடியுரிமை வாங்குவதற்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர் அந்தத் துறையின் கணினியில் வெளிநாட்டவராகவே இருக்கலாம். நம் பெயர்களோ இன்னும் பாடு. ஒரு ஆவணத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர், மூன்றாவதில் முன்னும் பின்னுமாக. முதலில் லைசென்ஸ் அலுவலகத்தில் குடியுரிமைச் சான்றிதழைக் காட்டிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு மாநில அரசின் ‘மை வோட்டர் பேஜ்’ தளத்தில் அவர் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது, ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே பதிவு முடிந்துவிடும், அதனால் இப்போதே பாருங்கள். ஓட்டுப் போடப் போகும்போது லைசென்ஸோடு பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இரண்டு நண்பர்களின் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.